ஊர்ப் பெயரும் நாச் சுவையும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் சாலையில், அலுவிகாரையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் பலாபத்வல என்னும் ஊர் வருகிறது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் அதே ஏ-9 சாலைதான். இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள். மிளகுக்கொடி தழுவிய மரங்களும், கறுவாவும், கொக்கோவும் கலந்து நிற்கும் நிழல் நிலம் அது. அங்கே வண்டியை நிறுத்துவோர் பெரும்பாலும் வெளிநாட்டார். நாம் நிறுத்தியதோ பெயர்ப்பலகை ஏதுமில்லாத ஒரு பெட்டிக்கடையின் முன்பு. காரணம், அதன் முகப்பில் அடுக்கியிருந்த கித்துள் கருப்பட்டி.

சிரட்டையில் வார்த்து, இரு பாதிகளை ஒன்றாகக் கவிழ்த்து, சருகில் பொதிந்த கருப்பட்டி. வாங்கினோம், அங்கேயே உடைத்து ஒரு துண்டை வாயிலிட்டோம். இனிப்பு இருந்தது, கித்துள் இல்லை. கடையிலிருந்த மூதாட்டியாரிடம், "அம்மா, இது கித்துள்தானா?" என்று கேட்டோம். அவர் சிறிதும் கூச்சமின்றிச் சிரித்தார்.

"கித்துளும் இருக்குங்க ஐயா, சீனியும் இருக்கு. எது கூடன்னு மட்டும் கேக்காதீங்க."

இத்துணை நேர்மையான மறுமொழியைக் கேட்டபின் கோபம் எங்ஙனம் வரும்? ஆயினும், வண்டியில் ஏறிய பின்னரும் அக்கேள்வி நம்மை விட்டபாடில்லை. எது கூட? ஐரோப்பாவில் ஒரு நாட்டின் தென்பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டு இதே கேள்வியைக் கேட்ட ஆண்டு ஒன்றுண்டு. அது 1907. அங்கும் கலக்கப்பட்டது சீனியே. கலப்புக்குள்ளான பொருள் மட்டும் வேறு; அது திராட்சை மது.

குடும்பத்தாரும் மாணவரும் படிக்கும் பக்கத்தில் மதுவைப் பற்றிய பேச்சா என்று புருவம் உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள்க. எவரையும் குடிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. ஒரு மண்ணில் விளைந்த பொருளின் சுவைக்கு அம்மண்ணின் பெயரே காவலாக நிற்கும் ஏற்பாட்டை உலகம் முதன்முதலாகக் கற்றுக்கொண்டது இம்மது வகையிலிருந்துதான். ஆகவே கதையை அங்கிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

திராட்சை எங்கும் திராட்சைதானே, அதன் சாறு ஊருக்கு ஊர் ஏன் மாற வேண்டும் என்று கேட்கலாம். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையைப் பாருங்கள். நின்று வேலை செய்வதற்கே அஞ்சத்தக்க செங்குத்துச் சரிவுகள். மண்ணெல்லாம் பலகைக்கற் சில்லுகள். பகலில் உண்ட வெயிலை அக்கற்கள் இரவில் மெல்ல வெளியிடுகின்றன. அக்குளிர் நாட்டில் ரீஸ்லிங் என்னும் திராட்சை பழுப்பதற்கு அந்தக் கடன் வெப்பம் துணை செய்கிறது. அங்கு பிறக்கும் மது மெலிதாகவும், புளிப்பு மேலோங்கியதாகவும் இருக்கும். தென் ஸ்பெயினில் ஹெரேஸ் என்னும் ஊரைச் சுற்றியோ வெண்சுண்ண மண். மாரிக்கால மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் வேர்களுக்குக் கொடுக்கும் மண் அது. அங்கே பீப்பாயை முழுவதும் நிரப்பாமல் வெற்றிடம் விட்டு வைக்கிறார்கள். மதுவின் மேல் நொதியங்கள் ஓர் ஆடை போலப் படர்ந்து அதற்குத் தனி மணம் ஊட்டுகின்றன. பிரான்சின் சாம்பேன் மாவட்டம் இன்னும் வேடிக்கையானது. குளிர் மிகுந்ததால் பனிக்காலத்தில் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். இளவேனிலில் மீண்டும் தொடங்கிக் குமிழி எழும்பும். முற்காலத்தில் இதனை ஒரு குற்றமாகவே கருதினர். பின்னர் அக்குற்றமே புகழாயிற்று. இப்போது போத்தலுக்குள் இரண்டாம் முறை வேண்டுமென்றே நொதிக்க விடுகின்றனர்.

மதேராத் தீவின் கதையையும் விட மனமில்லை. அத்தீவின் மது, கப்பலின் அடித்தளத்தில் வெப்ப மண்டலத்தைக் கடந்து சென்று திரும்பியபோது கெட்டுப் போகாமல் மேலும் சுவையுற்றதைக் கண்டார்கள். அன்று முதல் கப்பலேற்றாமலேயே தீவிலிருந்தபடி அதனைச் சூடேற்றத் தொடங்கினர். மண், வெயில், குளிர், விபத்து, மனிதர் பொறுமை இவையெல்லாம் கூடியே ஓர் ஊரின் சுவை உருவாகிறது.

இவ்வறிவு மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதென எண்ண வேண்டா. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடற் செலவு' என்னும் வணிகக் கையேடு, இன்றைய பரூச் துறைமுகத்தில் இறங்கும் பொருள்களைக் கூறுமிடத்து, மதுவில் இத்தாலிய மதுவுக்கே முதன்மை என்றும், லவோதிக்கேய மதுவும் அரேபிய மதுவும் வரும் என்றும் ஊர் பிரித்துச் சொல்கிறது. யவனர் நன்கலத்தில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டு மாணவர்க்குத் தெரிந்ததே. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் மதுச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. இத்தாலியக் கரையின் சாடிகளும், கிரேக்கத்தின் கோஸ் தீவு முறையில் அமைந்த சாடிகளும் அவற்றில் உள. சாடியின் கைப்பிடியைக் கண்டே ஊரைச் சொல்லிவிடலாம். அக்காலத்தில் அதுவே பெயர்ச்சீட்டு எனலாம்.

பெயர் இருந்தால் அதைத் திருடுவோரும் இருப்பர். போர்த்துக்கலில் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மதுவுக்கு இங்கிலாந்தில் பெருங்கிராக்கி உண்டானபோது, கலப்படமும் பெருகிற்று. நிறமேற்ற எல்டர் என்னும் செடியின் கருநிறப் பழச்சாற்றைக் கலந்தனர். வேற்றிடத்து மதுவையும் சேர்த்தனர். நம்பிக்கை குலைந்தது, விலை சரிந்தது. 1756ஆம் ஆண்டில் பொம்பால் என்னும் முதலமைச்சர், இன்ன எல்லைக்குள் விளைந்ததே ஏற்றுமதிக்குரிய மது என்று வரையறுக்க ஏற்பாடு செய்தார். காகிதத்தில் கோடு கிழித்ததோடு நிற்கவில்லை. எல்லையெங்கும் கருங்கற்றூண்கள் நாட்டப்பட்டன. எல்டர் செடிகளைப் பிடுங்கியெறியவும் கட்டளை பிறந்தது. அத்தூண்களிற் சில இன்றும் நிற்கின்றன.

இனி, 1907க்கு வருவோம். ஆனால் அதற்கு முன் நம் நாட்டையும் பிரான்சையும் ஒரே காலத்தில் தாக்கிய இரு நோய்களைக் குறிப்பிட்டாக வேண்டும். 1860களில் பிரான்சின் திராட்சைக் கொடிகளின் வேரை ஒரு நுண்ணிய பூச்சி அரிக்கத் தொடங்கிற்று. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளின் இலையில் ஒரு துருநோய் கண்டது. பலாபத்வல வழியாகச் செல்லும் இவ்வடபாதைக்கும் அக்கோப்பிக்கும் நெருங்கிய உறவுண்டு. மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக நடந்து, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு வந்த தமிழகத் தொழிலாளர் இப்பக்கமாகவே மலையேறினர். பசியாலும் கொள்ளை நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்கள் உழைப்பில் எழுந்த கோப்பி, துருநோயால் அழிந்து போயிற்று. மலையுச்சிகளில் தேயிலை வந்தது. மாத்தளைப் பகுதியில் கொக்கோவும் இறப்பரும் வேரூன்றின. கோப்பியின் பழைய பெருமை மீளவில்லை.

பிரான்சில் திராட்சை மீண்டது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் தம் கொடியை ஒட்டுக் கட்டி மீட்டனர். ஆனால் இடைப்பட்ட பஞ்சக் காலத்தில் வேறொரு பழக்கம் நிலைத்துவிட்டது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்தும், சீனியையும் நீரையும் சேர்த்தும் மதுவென்று விற்கலாம் என்பதை வணிகர் கண்டுகொண்டனர். உண்மை மது திரும்ப வந்தபோது அதற்கு விலையில்லை. தென் பிரான்சில் ஆர்ஜெலியே என்னும் சிற்றூரில் சிறு தேநீர்க்கடை போன்றதொரு காப்பிக்கடையும் கொஞ்சம் திராட்சை நிலமும் வைத்திருந்த மார்சலின் அல்பேர் என்பவர், 1907இன் வேனிலில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு முறையிடப் புறப்பட்டார். வாரந்தோறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9ஆம் நாள் மொன்பெலியே நகரில் திரண்டோர் தொகை பல இலட்சம். அவர்தம் கோரிக்கை இயல்பான மது, கலப்பில்லாத மது என்பதே. நார்போன் நகரில் இராணுவத்தினர் சுட்டனர், சிலர் உயிரிழந்தனர். அவ்வட்டாரத்துப் பிள்ளைகளைக் கொண்ட 17ஆம் காலாட்படையினர் தம் மக்களுக்கெதிராக நிற்க மறுத்துக் கலகம் செய்தனர். அம்மாத இறுதியிலேயே கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. மதுவிற் சேர்க்கும் சீனிக்கு வரியும் விதிக்கப்பட்டது. அதன்பின் படிப்படியாக வளர்ந்து, 1935இல் ஊர்ப் பெயரை முறையாகக் காக்கும் சட்டம் உருவாயிற்று.

நம் பலாபத்வல மூதாட்டியார் மார்சலின் அல்பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கேள்விப்பட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

கித்துளைப் பற்றி இங்கே சிறிது விரிவாகச் சொல்வது கடமை. தமிழகத்தார் இம்மரத்தைக் கூந்தற்பனை என்பர். சடை சடையாகத் தொங்கும் அதன் பூங்குலையைக் கண்டோர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். மீனின் வால் போன்ற ஓலை. எவரும் வரிசையாக நட்டு வளர்ப்பது அரிது. மரநாய்கள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, காட்டோரத்திலும் வீட்டுத் தோட்டத்து மூலையிலும் தானாக முளைத்து எழும். பல ஆண்டுகள் பூக்காமலே வளர்ந்து, பின் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஒவ்வொரு குலையாகப் பூக்கும். கடைசிக் குலையும் முடிந்தால் மரமும் முடிந்தது. தென்னையைப் போலத் தலைமுறைக்கும் தரும் மரமன்று இது. வாழ்நாள் முழுவதும் சேர்த்த மாச்சத்தைச் சாகும் காலத்தில் இனிப்பாக்கித் தரும் மரம்.

அவ்வினிப்பைப் பெறுவது எளிதன்று. விரியாத பாளையைத் தேர்ந்து, கீறி, அதற்கென்று ஒரு மருந்து வைத்துக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு, உப்பு, மிளகு, சாம்பல் போன்றவற்றைச் சேர்த்து அரைப்பார்கள்; அளவும் சேர்மானமும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு, அயலாருக்குச் சொல்வதில்லை. மருந்து பலித்தால் சில நாட்களில் நீர் சுரக்கும். பின்னர் காலையும் மாலையும், மழையானாலும் காற்றானாலும், மரத்தோடு பிணைத்த கழியில் கால் வைத்து ஏறி, பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி, முட்டியை மாற்றி இறங்க வேண்டும். பிடி நழுவினால் உயிர் போகும். இறக்கிய நீரை அப்படியே விட்டால் காற்றிலுள்ள நொதியங்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். கருப்பட்டிக்கு வேண்டுமாயின், ஹல் என்னும் மரத்தின் பட்டைத் துண்டை முட்டியிலிட்டு நொதித்தலைத் தாமதப்படுத்துவர். பிறகு விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சல். பல போத்தல் நீர் வற்றினால்தான் ஒரு போத்தல் பாணி. எருமைத் தயிரின் மேல் நாம் தாராளமாக ஊற்றிக்கொள்ளும் பாணிக்குப் பின்னால் இத்தனை ஏற்றமும் இறக்கமும் உண்டு. அப்புகையின் மணம் பாணியிலேயே தங்கிவிடுகிறது. நாம் தேடியதும் சிரட்டைக் கருப்பட்டியில் காணாததும் அதுவே.

மலைக்குக் கித்துள் போல, கரைக்குத் தென்னை, வடக்குக்குப் பனை. களுத்துறைக் கரையோரத்தில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, நிலத்தில் இறங்காமலே வான்வழியாக நடந்து தென்னங்கள் இறக்குவோரை மாணவர்கள் படத்திலாவது பார்த்திருப்பர். அக்கள்ளை வடித்த சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துவது ஹெரேஸ் ஊராரின் பொறுமைக்கு ஒப்பானதே. இதே ஏ-9 சாலையின் மறுமுனையில், சுண்ணக்கல் நிலத்தில், பனை நிற்கிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர்; தடவாவிட்டால் கள். கருப்பநீரைக் காய்ச்சினால் ஓலைக் குட்டானில் வார்த்த பனங்கட்டி. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனையோ! மூன்று மரத்து இனிப்பையும் அருகருகே வைத்துச் சுவைத்தால், கண்ணை மூடிக்கொண்டே இது மலை, இது கரை, இது வடக்கு என்று சொல்லிவிடலாம். நம் வீட்டில் சிறுவரை வைத்து இச்சோதனையைச் செய்தோம். மூவருள் இருவர் பிழையின்றிச் சொன்னார்கள்.

இருந்தும் இச்சுவைகளுக்கு ஊர்ப் பெயர் வாய்க்கவில்லை. ஏன் என்று சிந்தித்தால் ஒரு கசப்பான விடை கிடைக்கிறது. பிரான்சில் கொடியை வளர்த்தோர் துறவிகளும் பிரபுக்களும். அவர்தம் மடத்தின் பெயரும் மாளிகையின் பெயரும் போத்தலில் ஏறின. இங்கோ பாளை சீவியவனைச் சமூகம் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அவன் இறக்கிய நீரைக் குடித்தோம், அவன் மனைவி காய்ச்சிய பனங்கட்டியைப் பூசைக்கும் பொங்கலுக்கும் எடுத்துக்கொண்டோம். அவன் பெயரைக் கேட்கவில்லை. பெயரில்லாதவனுடைய பண்டத்தில் எவனும் சீனி கலக்கலாம். ஒரு வேளை ஏறி இறங்கிய உழைப்பும், ஒரு மூட்டைச் சீனியும் சந்தையில் ஒரே விலைக்கு நின்றால், ஏறுவதற்கு அவன் மகன் எதற்காக வரவேண்டும்?

வழி தெரியாத காரியமன்று. இந்தியாவில் டார்ஜிலிங் தேயிலை 2004இல் புவிசார் குறியீட்டைப் பெற்று அந்நாட்டில் முதலாவதாயிற்று. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் அது கிடைத்தது. இலங்கையிலேயே கறுவா வழிகாட்டியிருக்கிறது. வேற்று நாட்டு மலிவுப் பட்டைகள் கறுவா என்ற பெயரில் உலகச் சந்தையில் உலவிய நிலையில், 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவின் பெயரைக் காப்புக்குரியதாக ஏற்றுப் பதிவு செய்தது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே அத்தகைய தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. தேயிலையும் நுவரெலியா, திம்புள, ஊவா என்று ஊர் பிரித்தே விற்கப்படுகிறது. ஊவாவின் வறண்ட காற்று வீசும் மாதங்களில் பறித்த கொழுந்துக்குத் தனி மதிப்பு. கறுவாவுக்கும் தேயிலைக்கும் இயன்றது கித்துளுக்கு இயலாதென்பது ஏற்கத்தக்கதன்று.

எனினும் சிக்கல்கள் உண்டு, மறைப்பது முறையன்று. எல்லைக்கோடு எங்கே விழும்? சாம்பேனில் முதலில் வகுத்த எல்லை ஓப் என்னும் வட்டாரத்தை வெளியே தள்ளிற்று; அங்கத்தவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை உள்ளே சேர்க்க முயன்றபோது, 1911 ஏப்ரலில், மறுபுறத்தார் வணிகரின் கிடங்குகளை உடைத்து மதுவைத் தெருவில் ஓடவிட்டனர். கித்துளோ மாத்தளையில் மட்டுமின்றிக் கண்டியிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் நிற்கும் மரம். தோட்டமாக இல்லாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி நிற்கும் மரம். ஒவ்வொரு முட்டியையும் யார் சோதிப்பது? சோதனைக் கட்டணத்தை இரண்டு மரம் வைத்திருப்பவன் எப்படிக் கட்டுவது? கட்டணம் கட்ட வல்ல பெருவணிகர் கையில் பெயரும் போய்ச் சேர்ந்தால், ஏறுபவன் பழைய இடத்திலேயே நிற்பான். நம் எண்ணத்தில், ஊர் தோறும் ஏறுபவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து, ஓர் அடுப்பு, ஒரு முத்திரை என்று சிறிதாகத் தொடங்குவதே தக்கது. டூரோவின் கருங்கற்றூண்கள் பின்னர் வரட்டும்.

இவற்றை எழுதுமுன் அக்கடைக்கு மீண்டும் ஒருமுறை சென்றோம். மூதாட்டியார் நம்மை மறந்திருக்கவில்லை. முகப்பில் தொங்கியதைக் காட்டாமல் உள்ளே போய், பழைய பிஸ்கட் தகரத்திலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். கறுத்து, சற்று நெகிழ்ந்து, புகை மணக்கும் உருண்டை.

"இது வித்துக்க வைக்கலீங்க ஐயா. வீட்டுப் புள்ளைகளுக்கு. வேணும்னா பாதி தாரேன். விலை மூணு மடங்கு."

"யார் இறக்கியது, அம்மா?" என்றோம்.

மேற்கே மலைச்சரிவைக் கையால் காட்டி, ஒரு பெயரைச் சொன்னார். வேறெங்கும் எழுதப்படாத அப்பெயரைச் சருகின் மேல் எழுத இடமில்லை. மூன்று மடங்கு விலையைக் கொடுத்துப் பாதியை வாங்கிக்கொண்டு வண்டியேறினோம்.